லிமிடெட் மீல்ஸும் பிரைவேட் லிமிடெட்டும்

டிஸ்கியை முதல்லயே போட்டுடறேன். நான் வக்கீலும் இல்லை, ஆடிட்டரும் இல்லை, இங்கிலீஷ் வாத்தியாரும் இல்லை. பொட்டி தட்டிப் பொழைக்கிற இன்ஜினியர். அதனால இதைப் படிச்சுட்டு யாரும் நேரா கோர்ட்டுக்குப் போயிடாதீங்க. கொஞ்ச நாளா ஒரே ஒரு இங்கிலீஷ் வார்த்தை மண்டைக்குள்ள உக்காந்துட்டு எந்திரிக்க மாட்டேங்குது. அதை இங்க இறக்கி வெச்சுட்டா நிம்மதியாத் தூங்கலாம்னுதான் இந்தப் பதிவு.

வார்த்தை 'லிமிடெட்'.

டிக்‌ஷனரியைப் பிரிச்சா நேரான அர்த்தம்தான் இருக்கும். அளவோடு நிறுத்தப்பட்டது, எல்லைக்கு உட்பட்டது, இதுக்கு மேல போகாதது. யோசிச்சுப் பார்த்தா இது ஒரு குறைச்சலான வார்த்தை. 'உங்க திறமை லிமிடெட்தான்'னு அப்ரைசல்ல மேனேஜர் சொன்னா அன்னிக்கு ராத்திரியே ரெஸ்யூமைத் தூசி தட்டுவோம். 'ஸ்டாக் லிமிடெட்'னு கடைக்காரர் சொன்னா தீரப்போகுதுனு அர்த்தம். ஒரு ஷூவுக்கு 'லிமிடெட் எடிஷன்'னு பேர் வெச்சா மட்டும் விலை ஏறும், அது தனி ஏமாத்து. ஆனா இதே வார்த்தை ஒரு கம்பெனி பேருக்குப் பின்னாடி போய் ஒட்டிக்கிட்டா வர்ற மவுசே வேற. எங்க ஊர்ல (கோயம்புத்தூருங்க) பொண்ணு பார்க்கப் போன இடத்துல 'பையன் லிமிடெட் கம்பெனில இருக்கான்'னு சொன்னா, உள்ளேயிருந்து இன்னொரு தட்டு மிக்சர் வரும். பட்டறைனா சின்னது, கம்பெனினா கொஞ்சம் பெருசு, லிமிடெட்னா ரொம்பப் பெருசு. இதுதான் ஊர்க் கணக்கு.

குறைச்சலைச் சொல்ற வார்த்தை எப்படிங்க பெருமையைச் சொல்ற வார்த்தையாச்சு?

அதுக்குப் போறதுக்கு முன்னாடி, நம்ம ஆளுங்க இந்த வார்த்தையை எப்படியெல்லாம் வளைச்சு வெச்சிருக்காங்கனு பார்த்துடலாம். மதியம் ஹோட்டலுக்குப் போனா போர்டுல ரெண்டு வகை. லிமிடெட் மீல்ஸ், அன்லிமிடெட் மீல்ஸ். தமிழ்ல அளவுச் சாப்பாடு, முழுச் சாப்பாடு. கவனிச்சீங்களா? அன்லிமிடெட்டை 'அளவில்லாச் சாப்பாடு'னு யாரும் எழுதலை. முழுச் சாப்பாடுனு எழுதினாங்க. எந்தப் புண்ணியவான் முதல்ல எழுதினாரோ, அவர் கையைப் பிடிச்சுக் குலுக்கணும். ஏன்னா சப்ளையர் வாளியைத் தூக்கிட்டு எத்தனை தடவை வேணா வருவார். மூணாவது ரவுண்டு ரசத்துக்கு மேல நாமளே கையைக் குறுக்கே வெச்சு 'போதுங்க'னு சொல்லி இலையை மடிச்சுடுவோம். அன்லிமிடெட்டோட லிமிட் சமையக்கட்டுல இல்லை, நம்ம வயித்துல இருக்கு. இதைக் கொஞ்சம் ஞாபகம் வெச்சுக்கோங்க, பின்னாடி தேவைப்படும்.

அப்புறம் 'லிமிட்டா'. 'குடிப்பேங்க, ஆனா லிமிட்டா'னு ஒருத்தர் சொன்னா, அந்த லிமிட் எவ்வளவுனு கேக்கக் கூடாது. அது ஆளுக்கு ஆள், தீபாவளிக்குத் தீபாவளி மாறும். 'லிமிட் தாண்டிப் பேசாதே'ங்கிறது கை கலக்கப்போறதுக்கு முன்னாடி வர்ற கடைசி டயலாக். போலீஸ்கார லிமிட் இன்னொரு ரகம். என்கூட வேலை பார்த்த ஒருத்தரோட போன், பஸ் ஒரு மேம்பாலத்துல போகும்போது திருட்டுப் போச்சு. பாலத்துக்கு இந்தப் பக்கம் ஒரு ஸ்டேஷன் லிமிட், அந்தப் பக்கம் இன்னொரு ஸ்டேஷன் லிமிட். இவர் போனது பாலத்துக்கு மேல. ரெண்டு ஸ்டேஷன்லயும் 'எங்க லிமிட்ல வராதுங்க'னு மரியாதையாத்தான் சொன்னாங்களாம். (2024 ஜூலை 1-ல இருந்து நடைமுறைக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதா, போலீஸ் நேரடியா விசாரிக்கிற மாதிரியான குற்றம்னா அது எந்த ஏரியாவுல நடந்திருந்தாலும் புகாரை வாங்கிக்கணும்னு சொல்லுது. இவர் போன் போனது அதுக்கு முன்னாடி. விதி.)

வார்த்தையோட வேரைத் தேடிப் போனா லத்தீன்ல நிக்குது. 'லீமெஸ்'னு ஒரு சொல். ரெண்டு வயலுக்கு நடுவுல எல்லையா விடுற நடைபாதைக்கு அந்தப் பேர். பின்னாடி ரோமானியர்கள் தங்களோட சாம்ராஜ்ய எல்லைக்கும் அதையே வெச்சுக்கிட்டாங்க. படிச்சதும் எனக்குப் புல்லரிச்சுப் போச்சு. அட, இது நம்ம வரப்புங்க! வரப்பு, வரம்பு ரெண்டும் ஒரே சொல்லு. வயல்ல இருந்தா வரப்பு, பேச்சுல வந்தா வரம்பு. 'வரம்பு மீறிட்டான்'னு நாம சொல்றதும், 'லிமிட் தாண்டிட்டான்'னு சொல்றதும் அடிப்படைல பக்கத்து வயல்ல கால் வெச்சுட்டான்கிறதுதான். ஏழு கடல் தாண்டி இருக்கிற ஒரு மொழிக்காரனும் வயல் ஓரத்துல நின்னுதான் இந்த வார்த்தையைக் கண்டுபிடிச்சிருக்கான். இலங்கைத் தமிழ்ல கம்பெனி லிமிடெட்டை 'வரையறுக்கப்பட்டது'னு எழுதறாங்க. அதுவும் அழகாத்தான் இருக்கு, கோடு கிழிச்சு அறுத்த மாதிரி.

வரப்புக்கு ரெண்டு வேலை இருக்கு. என் வயல் தண்ணி வெளிய போகாமப் பார்த்துக்கும். பக்கத்து வயல்ல வெள்ளம் வந்தா அது என் வயலுக்குள்ள வராமலும் பார்த்துக்கும். நாம லிமிட்னதும் முதல் வேலையை மட்டும்தான் நினைக்கிறோம், உள்ள இருக்கிறவனைக் கட்டிப் போடறது. கம்பெனி பேர்ல இருக்கிற லிமிடெட் ரெண்டாவது வேலைக்கு வந்த வார்த்தை.

அங்க லிமிடெட் ஆனது கம்பெனியோட அளவு இல்லை. பணம் போட்டவனோட பொறுப்பு. முழுசா சொன்னா 'லிமிடெட் லயபிலிட்டி'. கம்பெனி கடன்ல மூழ்கினா கம்பெனியோட சொத்து மொத்தமும் போகும். ஆனா பங்கு வாங்கினவன் தான் போடறதா ஒத்துக்கிட்ட பணத்தோட சரி. அதுக்கு மேல அவன் வீட்டு வாசப்படியைக் கடன்காரன் மிதிக்க முடியாது. அப்ப போர்டுல இருக்கிற அந்தக் கடைசி வார்த்தை யாருக்காக எழுதினது? பொண்ணு வீட்டுக்காரங்களுக்கு இல்லை. கடன் கொடுக்கிறவங்களுக்கு. 'அய்யா, இந்த வரப்பு வரைக்கும்தான் உங்க கை நீளும், பார்த்துக் கொடுங்க'ங்கிற எச்சரிக்கைப் பலகை அது. சிகரெட் டப்பால இருக்கிற படம் மாதிரினு வெச்சுக்கோங்களேன். நாம அதைப் பட்டுச் சால்வையாப் போத்திக்கிட்டோம்.

எச்சரிக்கைனு நான் சும்மா அடிச்சு விடலை. இங்கிலாந்துல 1855-ல லிமிடெட் லயபிலிட்டி சட்டம் வந்தப்பவே, இந்தச் சலுகை வேணும்னா பேரோட கடைசி வார்த்தையா 'லிமிடெட்' இருந்தே ஆகணும்னு கண்டிஷன் போட்டாங்க. பிராம்வெல்னு ஒரு நீதிபதி, அப்படிப் பேர்லயே போடச் சொன்ன யோசனை தன்னோடதுன்னும், தன் கல்லறையில அந்த வார்த்தையைப் பொறிச்சா பொருத்தமா இருக்கும்னும் வேடிக்கையா சொன்னதா ஒரு கதை உண்டு. மனுஷனைக் கல்லறைல படுக்க வெச்சு 'லிமிடெட்'னு எழுதினா அதைவிடப் பெரிய தத்துவம் இருக்கா என்ன. இந்தியாவுக்கு இது 1857-லயே வந்துடுச்சு. சிப்பாய்க் கலகம் நடந்துட்டு இருந்த வருஷத்துல கம்பெனிச் சட்டம் போட்டிருக்காங்க. வெள்ளைக்காரன் வெள்ளைக்காரன்தான்.

இந்த வரப்பு இல்லாட்டி என்ன ஆகும்னு தெரியணும்னா 1878-ல மூழ்கின கிளாஸ்கோ சிட்டி பேங்க் கதையைப் பார்க்கணும். அந்த பேங்க் லிமிடெட் இல்லை. பங்கு வெச்சிருந்தவங்க 1,819 பேர். பேங்க் கவுந்ததும் கடனை அடைக்க அவங்க கையிலதான் வசூல். 100 பவுண்ட் பங்கு வெச்சிருந்தவங்ககிட்ட முதல்ல 500 பவுண்ட் கேட்டாங்க. பத்தலைன்னதும் இன்னொரு 2,250 பவுண்ட். எல்லாம் முடிஞ்சப்ப திவாலாகாம நின்னவங்க 254 பேர்தான். மத்தவங்க? பாவம், பேங்க்ல பங்கு வெச்சிருந்தா கௌரவம்னு வாங்கினவங்க.

நம்ம பக்கம் வந்தா மெட்ராஸ் அர்பத்நாட் அண்ட் கோ. இதுவும் லிமிடெட் இல்லை, பார்ட்னர்ஷிப். ஆயிரக்கணக்கான பேர் பணத்தைப் போட்டு வெச்சிருந்தாங்க. 1906 அக்டோபர் 22-ம் தேதி கதவைச் சாத்திட்டாங்க. சர் ஜார்ஜ் அர்பத்நாட்டுக்கு 18 மாசக் கடுங்காவல். பார்ட்னருங்க பொறுப்பு அன்லிமிடெட்தானே, அப்ப பணம் போட்டவங்களுக்கு முழுசாத் திரும்பியிருக்கணுமே? திரும்பலை. அவ்வளவு பெரிய பள்ளத்தை ரொப்ப பார்ட்னருங்க சொத்து பத்தலை. முழுச் சாப்பாடு கதைதான். காகிதத்துல அன்லிமிடெட், நிஜத்துல அவங்க கையில இருக்கிறதுதான் லிமிட். அந்தக் கோபத்துலயும் சுட்ட அனுபவத்துலயும் வி. கிருஷ்ணசாமி ஐயர் மாதிரி மெட்ராஸ் ஆளுங்க சேர்ந்து அடுத்த வருஷமே, 1907-ல, இந்தியன் பேங்க்கை ஆரம்பிச்சாங்க. அதுக்கு வெச்ச பேரோட கடைசியில லிமிடெட் இருந்துச்சு.

நடுவுல இன்னொருத்தரைச் சொல்லாம விட்டா பாவம். ஆரோன் சாலமன், லண்டன்ல பூட்ஸ் தைச்சு வித்தவர். தன் கடையையே ஒரு லிமிடெட் கம்பெனியா மாத்தி, 20,007 பங்குல 20,001-ஐ தானே வெச்சுக்கிட்டு, மனைவிக்கும் அஞ்சு பிள்ளைங்களுக்கும் ஆளுக்கு ஒண்ணு கொடுத்தார். (ஏழு பேர் வேணும்னு சட்டம். தலையை எண்ணிக் காட்டிட்டார்.) கம்பெனி நஷ்டத்துல முங்கிச்சு. 'கம்பெனி வேற இவர் வேறயா, எல்லாம் இவர்தானே'னு எதிர்த்தரப்பு கேட்டாங்க. கீழ்க் கோர்ட்டுகளும் அவங்க பக்கம்தான் சாய்ஞ்சுது. 1896 நவம்பர்ல பிரபுக்கள் சபை, 'ஆமா, வேறதான்'னு சொல்லிடுச்சு. சட்டப்படி பதிவான கம்பெனி தனி ஆள். அதோட கடன் அதோட கடன். லா காலேஜ்ல இன்னிக்கும் இதுதான் முதல் பாடமாம்.

சரி, சர்வரும் டேட்டாபேஸுமா இருக்கிறவன் இதையெல்லாம் எதுக்குடா நோண்டினேன்னு கேப்பீங்க. ரெண்டு காரணம். ஒண்ணு பழசு, ஒண்ணு புதுசு.

பழசு. அப்பாவும் அவர்கூட ஐ.டி.ஐ. படிச்ச ஒரு நண்பரும் சேர்ந்து 1999-ல கணபதி பக்கம் ஒரு லேத் பட்டறை போட்டாங்க. பம்ப் செட்டுக்கு ஷாஃப்ட், இம்பெல்லர்னு ஜாப் ஒர்க். ரெண்டு லேத், ஒரு டிரில்லிங் மெஷின், பின்னாடி கடன்ல ஒரு மில்லிங் மெஷின். பேருக்குப் பின்னாடி 'அண்ட் கோ'. முத்திரைத்தாள்ல ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்ட பார்ட்னர்ஷிப். அந்த நண்பரை நான் மாமானுதான் கூப்பிடுவேன். சனிக்கிழமை சம்பளம் போட்டுட்டு ரெண்டு பேரும் வீட்டுக்கு வந்தா அம்மா அரிசி முறுக்கும் காபியும் வெப்பாங்க. முறுக்கு மாவும் இரும்புத்தூளும் கலந்த ஒரு வாசம், அதுதான் எனக்குச் சனிக்கிழமை.

2012 வந்துச்சு. கோயம்புத்தூர்ல அந்த வருஷம் பட்டறை வெச்சிருந்தவங்களைக் கேட்டுப் பாருங்க, 'கரண்ட்டு'னு சொல்லிட்டு அப்படியே நிறுத்திடுவாங்க. ஒரு நாளைக்குப் பத்து மணி நேரம், பன்னெண்டு மணி நேரம் கட். ஆர்டர் இருந்தும் லேத் ஓடலை. டீசல் ஜெனரேட்டர் வாங்கினாங்க, அதுக்கு ஒரு கடன். டீசல் போட்டு ஓட்டினா ஒவ்வொரு ஷாஃப்ட்டுக்கும் நஷ்டம். காஸ்டிங் கொடுத்துட்டு இருந்த ஃபவுண்ட்ரிக்குப் பாக்கி ஏறிட்டே போச்சு. ஒரு நாள் மாமா ஊருக்குப் போயிட்டு வந்துடறேன்னு கிளம்பினார். வரலை. போன் ஸ்விட்ச் ஆஃப். ஒரு வாரம் கழிச்சுதான் தெரிஞ்சுது, பட்டறை பேர்ல அவர் மட்டும் கையெழுத்துப் போட்டு வாங்கின சரக்கும் கடனும் தனியா ஒரு லிஸ்ட் இருக்குன்னு.

1932-ம் வருஷத்துப் பார்ட்னர்ஷிப் சட்டம், 25-வது பிரிவு. பட்டறை வகையில ஏற்பட்ட எல்லாத்துக்கும் ஒவ்வொரு பார்ட்னரும் கூட்டாகவும் பொறுப்பு, தனித்தனியாகவும் பொறுப்பு. 'தனித்தனியாகவும்'கிறதுக்கு ஆளுக்குப் பாதினு அர்த்தம் இல்லைங்க. ஒருத்தர் ஓடிட்டா, நிக்கிறவர்கிட்ட முழுசும் கேக்கலாம்னு அர்த்தம். அப்பா நின்னார்.

நான் அப்ப பத்தாவது. ரிவிஷன் பரீட்சை நேரம். வீட்டுக்கு ஆளுங்க வந்து திண்ணையில உக்காந்துட்டுப் போவாங்க, சத்தம் போட மாட்டாங்க, தண்ணி கேட்டு வாங்கிக் குடிப்பாங்க, அது இன்னும் கஷ்டம். ஒரு நாள் அம்மா அப்பாகிட்ட கேட்டாங்க: "பட்டறை வாங்குன கடனுக்கு வீட்டை எதுக்குங்க குடுக்கோணும்? வீடு என்ன பட்டறைல சேர்ந்ததா?" எட்டாவது வரைக்கும் படிச்ச அம்மா கேட்ட கேள்வி. பிரபுக்கள் சபை மண்டையை உடைச்சுக்கிட்ட அதே கேள்வி. அப்பா பதில் சொல்லலை. கணக்கு எழுதற ஆடிட்டர் ஆபீஸ்ல இருந்து ஒருத்தர் வந்திருந்தார், அவர்தான் மெதுவாச் சொன்னார்: "லிமிடெட்டாப் பண்ணியிருந்தா வீட்டுப் பக்கம் வரமாட்டாங்கம்மா. இது பார்ட்னர்ஷிப்புங்க." லிமிடெட்டுக்கு அப்படி ஒரு அர்த்தம் இருக்குன்னு என் காதுல விழுந்தது அன்னிக்குத்தான்.

2013-ல வீட்டை வித்தோம். மெஷினுங்க எடைக்குப் போச்சு. பத்தலை. அம்மா நகை போச்சு, கடைசியா காதுல கிடந்த தோடு. அதோட எல்லாரும் போதும்னு நிறுத்திக்கிட்டாங்க. அதுக்கு மேல எடுக்க ஒண்ணும் இல்லை. அன்லிமிடெட் லயபிலிட்டியோட லிமிட் எங்க இருக்குன்னு என்னைக் கேட்டா, எங்கம்மாவோட தோட்டுல இருந்துச்சு.

ஆனா இதுல ஒண்ணு இருக்கு, அதைச் சொல்லாம நகர முடியலை. அந்த ஃபவுண்ட்ரிக்காரர் கெட்டவர் இல்லை. அவருக்கும் அதே கரண்ட் கட். அவர் உருக்கி ஊத்தின இரும்புக்குத்தான் காசு கேட்டார். நாங்க லிமிடெட்டா இருந்திருந்தா எங்க வீடு தப்பிச்சிருக்கும். அந்தப் பணம் அவருக்குப் போயிருக்காது, அவ்வளவுதான். அவருக்கும் ஒரு வீடு இருந்துச்சு, அதுலயும் யாரோ பரீட்சைக்குப் படிச்சுட்டு இருந்திருப்பாங்க. வரப்பு வெள்ளத்தை வத்த வைக்காது, அடுத்த வயலுக்குத் திருப்பி விடும். லிமிடெட்டைப் புகழ்ந்து எழுதற யாரும் இந்தப் பக்கத்தை எழுத மாட்டேங்கறாங்க. பெரிய பேங்க் வட்டியைக் கூட்டி வெச்சுச் சமாளிச்சுக்கும். கடனுக்குக் காஸ்டிங் கொடுக்கிறவர் என்ன பண்ணுவார்? அதனாலதான் அந்த வார்த்தையைப் போர்டுல பெருசா எழுதணும்கிறேன். மறைக்கிறதுக்கு இல்லை, அவர் பார்க்கிறதுக்கு.

இப்ப புதுசு.

2023-ல நானும் என் காலேஜ் நண்பனும் வேலையை விட்டுட்டு ஒரு சின்ன சாஃப்ட்வேர் கம்பெனி ஆரம்பிச்சோம். பம்ப் டீலர்கள், ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்காரங்களுக்கு ஸ்டாக் கணக்கு, பில்லிங். நான், அவன், கூட அஞ்சு பேர். பேர் என்ன வைக்கலாம்னு வீட்ல உக்காந்து பேசிட்டு இருந்தப்ப அப்பா பேப்பர்ல இருந்து தலையைத் தூக்காம, "பேர் எது வேணா வையி. கடைசில லிமிடெட் இருக்கோணும்"னார். வெச்சோம். இந்த பிரைவேட் லிமிடெட் வாங்கறது இப்ப அவ்வளவு கஷ்டம் இல்லை. 2015-ல சட்டத்தைத் திருத்தினதுக்கப்புறம் குறைஞ்சது ஒரு லட்சம் மூலதனம் வேணும்கிற கட்டாயமும் போயிடுச்சு. ஆளுக்குப் பத்தாயிரம் போட்டோம். அதாவது சட்டப்படி எங்க பொறுப்போட லிமிட் ஆளுக்குப் பத்தாயிரம் ரூபாய். போர்டு வந்த அன்னிக்கு அப்பா வந்து பார்த்தார். வேற எதையும் படிக்கலை, கடைசி வார்த்தையை மட்டும் படிச்சுட்டு டீ குடிக்கப் போயிட்டார்.

2024-ல வடவள்ளிப் பக்கம் ரெண்டே முக்கால் சென்ட்ல ஒரு சின்ன வீடு வாங்கினேன், ஹோம் லோன்ல. பதினோரு வருஷ வாடகை வீட்டுக்கப்புறம் அம்மா சுவத்துல தைரியமா ஆணி அடிச்சாங்க.

இப்ப கம்பெனிக்குப் பதினஞ்சு லட்சம் கடன் வேணும். கஸ்டமருங்க மூணு மாசம் கழிச்சுத்தான் பணம் தர்றாங்க, சம்பளம் முதல் தேதியே போடணும். பேங்க்ல எல்லாம் பார்த்துட்டு, 'கொடுக்கலாம்'னாங்க. கூடவே நாலு பக்கம் ஃபார்ம் ஒண்ணு. டைரக்டர்ஸ் ரெண்டு பேரும் பர்சனல் கியாரண்டி கொடுக்கணும். நம்ம தமிழ்ல சொன்னா ஜாமீன் கையெழுத்து.

1872-ம் வருஷத்து ஒப்பந்தச் சட்டம் 128-வது பிரிவு, ஜாமீன் போட்டவரோட பொறுப்பு கடன் வாங்கினவரோட பொறுப்புக்குச் சமம்கிறது, ஒப்பந்தத்துல வேற மாதிரி எழுதலைன்னா. கம்பெனிச் சட்டம் முன்வாசல்ல பெரிய வரப்பு கட்டிக் கொடுத்தது. இந்த நாலு பக்கம் பின்பக்கமா வந்து அதுல மடையைத் திறந்து விடுது. 2019 டிசம்பர்ல இருந்து, கம்பெனிக்கு ஜாமீன் போட்ட தனி ஆள் மேலயும் திவால் சட்டத்துல நடவடிக்கை எடுக்கலாம்னு அரசாங்கம் கொண்டுவந்தது. 2021 மே மாசம் சுப்ரீம் கோர்ட்டும் அது செல்லும்னுடுச்சு. அப்ப சாலமன் ஜெயிச்சது? ஜெயிச்சது ஜெயிச்சதுதான். பேங்க்குகள் அந்தத் தீர்ப்பை நல்லாப் படிச்சுட்டாங்க, அவ்வளவுதான். பேங்க்கைக் குத்தம் சொல்லலை. பத்தாயிரம் பத்தாயிரம் போட்ட ரெண்டு பசங்களை நம்பிப் பதினஞ்சு லட்சத்தை வேற எப்படித் தருவாங்க? ஃபவுண்ட்ரிக்காரருக்கு இல்லாத வசதி பேங்க்குக்கு இருக்கு, ஃபார்ம் நீட்டற வசதி.

அந்த ஃபார்மை வீட்டுக்கு எடுத்துட்டு வந்தேன். அப்பா கண்ணாடியைப் போட்டுக்கிட்டு ஒவ்வொரு வரியா விரல் வெச்சுப் படிச்சார். ஒரு மணி நேரம் ஆச்சு. 'ஜாயின்ட்லி அண்ட் செவரலி'னு வந்த இடத்துல விரல் நின்னுடுச்சு. அதோட அர்த்தத்தை நான் சொல்ல வேண்டியிருக்கலை. கடைசிப் பக்கம் முடிச்சுட்டு நிமிர்ந்து ஒரே கேள்விதான் கேட்டார். "இதுல லிமிடெட்டு எங்க கண்ணு இருக்குது?"

தேடினேன். எங்க கம்பெனி பேர்ல மட்டும்தான் இருந்துச்சு.

மறுநாள் பேங்க்குக்குப் போய் மேனேஜர்கிட்ட கேட்டேன். நல்ல மனுஷன். "ஜாமீன் தரேன் சார், ஆனா என் பங்குக்கு ஏழரை லட்சமும் அதுக்கான வட்டியும், அதுக்கு மேல போகாதுன்னு ஒரு வரி சேர்த்துக் கொடுங்க"ன்னேன். அவர் சிரிச்சார். "தம்பி, இது ஹெட் ஆபீஸ் ஃபார்மட். இதுவரைக்கும் யாரும் கேட்டதில்லையே." சட்டத்துல இடம் இருக்குன்னு 128-ஐக் காட்டினேன், அந்த 'வேற மாதிரி எழுதலைன்னா'ங்கிற இடத்தை. கொஞ்ச நேரம் யோசிச்சுட்டு, "ரீஜனல் ஆபீஸுக்கு எழுதிப் பார்க்கறேன்"னார்.

நண்பனுக்குத்தான் கோபம். "ஏன்டா, பாதி பாதினு பிரிக்கறே? என் மேல நம்பிக்கை இல்லையா?"ன்னான். அவன் மேல நம்பிக்கை இல்லாம நான் வேலையை விடலை. ஆனா அப்பாவும் மாமாவை நம்பித்தானே பதிமூணு வருஷம் பட்டறை ஓட்டினார். அதை அவன்கிட்டயே சொன்னேன். அவனுக்கு அந்தக் கதை தெரியும், வீட்டுக்கு வந்து அம்மா கையில சாப்பிட்டவன். ரெண்டு நாள் ஆபீஸ்ல வேலை விஷயம் மட்டும்தான் பேசினான். மூணாவது நாள் அவனே அவன் பங்குக்கும் அதே மாதிரி ஒரு லெட்டர் டைப் பண்ணி மேனேஜருக்குக் கொடுத்துட்டு வந்தான்.

ரீஜனல் ஆபீஸ்ல இருந்து இன்னும் பதில் வரலை. அந்த ஒரு வரி சேர்ந்து வந்தா கையெழுத்துப் போடுவோம், இல்லைனா இல்லை, இதை ரெண்டு பேரும் பேசி முடிச்சாச்சு. அதுவரைக்கும் நாலு கஸ்டமர்கிட்ட ஒரு வருஷத்துக்கான பணத்தை முன்கூட்டியே கேட்டிருக்கோம், பதினஞ்சு பர்சென்ட் தள்ளுபடியோட. உடுமலைப்பேட்டை டீலர் ஒருத்தர் நேத்து செக் கொடுத்துட்டார். பில் புக்கை எடுத்து எங்க கம்பெனி பேரை எழுதச் சொன்னா, கடைசி வார்த்தையை விட்டுட்டு எழுதறார். "சேர்த்து எழுதுங்கண்ணா"ன்னேன். "பெரிய கம்பெனிதான் போங்க"னு சிரிச்சுக்கிட்டே எழுதினார்.